குகையில என்னதான் தோண்டுறீங்கன்னு கேக்குறவங்களுக்கு

மலேசியாவுல நாங்க ஒரு சின்னக் கூட்டம், ஞாயித்துக்கெழமையானா குகைக்குள்ள அடைஞ்சு கெடக்குற மண்ண எடுக்கப் போவோம். வாட்ஸாப் ஸ்டேட்டஸ்ல சேத்தோட நிக்கிற போட்டோ ஒண்ணு போட்டா போதும், வரிசையா மெசேஜ் வந்துடும். தங்கம் ஏதும் கெடைச்சுதா, ஜப்பான்காரன் பொதைச்சு வச்சத தேடுறீங்களா, உள்ள சித்தர் சமாதி இருக்காமே. பெரியம்மா நேராவே கேட்டாங்க, "ஞாயித்துக்கெழமையும் அதுவுமா போயி மண்ணு வார்றியே, சம்பளம் எவ்ளோப்பா குடுக்குறாங்க?" சம்பளம்லாம் இல்ல பெரியம்மா, பெட்ரோல், டோல், சாப்பாடு எல்லாம் எங்க கைக்காசுதான்னு சொன்னேன். "அப்புறம் எதுக்கு?"ன்னாங்க. நியாயமான கேள்விதான். ஆனா கல்யாண வீட்டுப் பந்தியில உக்காந்துகிட்டு சொல்லி முடிக்கிற பதிலா அது இல்ல, அதனால இங்க எழுதுறேன், அவங்க மக படிச்சுக் காட்டுவா.

நாங்க தேடுறது குகையோட மிச்சத்ததான். சுண்ணாம்புக்கல் மலையில பெய்யிற மழைத்தண்ணி மேல் மண்ணுல இருக்கிற கார்பன் டை ஆக்சைட எடுத்துகிட்டு லேசா புளிப்பேறி எறங்கும், விரிசல் விரிசலா போயி கல்லையே கரைக்கும், லட்சக்கணக்கான வருசம் இப்படியே நடந்து அந்த விரிசல் ஆள் நடக்குற வழியாவே ஆயிடும். அப்புறம் ஆறு வேற பக்கம் திரும்பிடும், வெள்ளம் கொண்டாந்து கொட்டுற மண்ணும் கூழாங்கல்லும் அதே வழிய அடைச்சுப்புடும், இல்லன்னா கூரை பேந்து விழுந்து பாறையா குவிஞ்சு கெடக்கும். நீங்க டார்ச் அடிச்சுப் பாத்துட்டு இதோட முடிஞ்சுதுன்னு திரும்புறீங்களே, நெறைய நேரம் அது முடிவே இல்ல, வெறும் அடைப்புதான். அந்த அடைப்ப வாளி வாளியா எடுத்துட்டு அந்தப் பக்கம் போறதுதான் எங்க வேலை. போயிட்டு என்ன பண்ணுவோம்? அளப்போம், வரைவோம். அது ஏன் முக்கியம்னு கீழ சொல்றேன், நான் எழுத உக்காந்ததே அதுக்குத்தான்.

இது நாங்க புதுசா கண்டுபிடிச்ச பழக்கம் ஒண்ணும் இல்ல. இங்கிலாந்துல சாமர்செட் பக்கம் மெண்டிப் குன்றுகள்னு இருக்கு, அங்க தலைமுறை தலைமுறையா இதே வேலையா இருக்காங்க, பகல்ல ஆபீஸ், ஸ்கூல், ஒர்க்‌ஷாப்னு அவங்கவங்க பொழப்பு, வாரத்துல ஒரு சாயந்தரம் குழிக்குள்ள எறங்கி மண்ணு வாரிட்டு அப்படியே பப்ல போயி உக்காந்து அடுத்த வாரம் எந்தப் பக்கம் தோண்டுறதுன்னு பேசுவாங்க. வேல்ஸ்ல ஓகோவ் டிரைனென்னு ஒரு குகை, ஊர்க்கார கிளப் ஆளுங்க தோண்டித் தோண்டி 1994ல உள்ள போனாங்க, இப்ப அளந்த நீளம் 70 கிலோமீட்டருக்கு மேல. இங்கிலாந்து டெர்பிஷயர்ல டைட்டன்னு ஒரு பெரிய குழி இருக்கு, டேவ் நிக்சன்ங்கிற கேவர், அதான் எங்கள மாதிரி குகைக்குள்ள போறவர், 1793ல ஒருத்தர் எழுதி வச்சிருந்த குறிப்ப லைப்ரரியில படிச்சுட்டு, இதுல சொல்லியிருக்கிற வழி இன்னைக்கு யாருக்கும் தெரியலயேன்னு தேடப் போயி, கூட்டாளிங்களோட அடைப்ப எடுத்து எடுத்து 1999 ஜனவரி 1ஆம் தேதி உள்ள பூந்தாரு. அந்தக் குழியோட ஒசரம் 141.5 மீட்டர். நம்ம பத்துமலை முருகன் சிலை 42.7 மீட்டர், மூணு முருகன ஒண்ணு மேல ஒண்ணா நிக்க வச்சாலும் கூரையத் தொடாது. அவ்ளோ பெரிய வெத்திடம் மலைக்குள்ள இருந்திருக்கு, மேல ஆடு மேஞ்சுகிட்டு இருந்திருக்கு.

எனக்கு ரொம்பப் பிடிச்சது அமெரிக்காவுல நியூ மெக்சிகோவுல இருக்கிற லெச்சுகீயா குகையோட கதைதான். ரொம்ப காலத்துக்கு அது வெறும் 27 மீட்டர் ஆழத்துக் குழி, கயிறு கட்டி எறங்கினா கொஞ்ச தூரத்துல முடிஞ்சிடும், ஒரு காலத்துல வௌவால் புழுக்கை எடுக்க ஆளுங்க போன எடம், யாரும் பெருசா கண்டுக்கல. ஆனா 1950கள்ல கீழ குவிஞ்சு கெடந்த கல்லுக்கு அடியிலேர்ந்து காத்து இரையுற சத்தத்த கேவர்ஸ் கேட்டுட்டாங்க. கல்லுக்கு அடியிலேர்ந்து காத்து வருதுன்னா என்ன அர்த்தம், அடியில எடம் இருக்குன்னு அர்த்தம். 1984ல கொலராடோ கேவர்ஸ் பார்க் நிர்வாகத்துகிட்ட முறையா அனுமதி வாங்கி தோண்ட ஆரம்பிச்சாங்க, 1986 மே மாசம் வழி தெறந்துச்சு. இன்னைக்கு அது 240 கிலோமீட்டருக்கு மேல அளந்தாச்சு, இன்னும் முடியல. உலகத்துல மிக நீளமான குகைங்கள்ல ஒண்ணு, ஒரு கல்லுக் குவியலுக்கு அடியில கெடந்திருக்கு. இத மொத தடவ படிச்ச அன்னிக்கு எனக்கு ராத்திரி தூக்கமே வரல.

வாலண்டியர்ஸ்னா சும்மா பொழுதுபோக்குன்னு நெனைக்கிறவங்களுக்கு இன்னொண்ணும் சொல்லிடுறேன். 2018ல தாய்லாந்துல தாம் லுவாங் குகையில 12 பசங்களும் அவங்க கோச்சும் மாட்டுனாங்களே, நம்ம எல்லாரும் டிவி முன்னாடியே உக்காந்திருந்தோமே, ஜூலை 2ஆம் தேதி அந்தப் பசங்கள மொதல்ல போயி பாத்தவங்க ரிக் ஸ்டான்டனும் ஜான் வொலந்தனும். ஒருத்தர் தீயணைப்பு வேலையிலேர்ந்து ரிட்டயர் ஆனவர், இன்னொருத்தர் ஐடி வேலை. குகைக்குள்ள முங்கிப் போறது அவங்களுக்கு சம்பள வேலை இல்ல, லீவு நாள்ல ஆசைப்பட்டு கத்துகிட்டது. அந்த மாதிரி ஆளுங்கள உருவாக்குறது இந்த வீக்எண்ட் கூட்டங்கதான்.

சரி, நம்ம ஊருக்கு வர்றேன். கேஎல்ல, அதான் கோலாலம்பூர்ல, இருக்கிறவங்களுக்கு குகை எங்கேயோ காட்டுல இருக்கிற விஷயம் இல்ல, காலுக்கு அடியிலேயே இருக்கு. இந்த ஊரோட பெரும்பகுதி சுண்ணாம்புக்கல் மேலதான் உக்காந்திருக்கு. கேஎல்சிசியில பெட்ரோனாஸ் ரெட்டைக் கோபுரம் கட்ட எடம் பாத்தப்ப அடியில பாறை ஒரே சீரா இல்லாம ஓட்டையும் பள்ளமுமா இருந்ததால மொதல்ல முடிவு பண்ண எடத்துலேர்ந்து ஏறக்குறைய 60 மீட்டர் தள்ளித்தான் கட்டுனாங்க. பத்துமலையும் அதே காலத்துக் கல்லுதான், ஏறத்தாழ 40 கோடி வருசப் பழசு. அதுல நம்மாளுங்க 272 படி ஏறி சாமி கும்புட்டுட்டு எறங்கிடுறோம், ஆனா படி ஏறும்போது எடது பக்கம் இருட்டுக் குகைன்னு ஒண்ணு இருக்கு, 2 கிலோமீட்டர் அளவுக்கு வழி உள்ள போகுது, அதுல லிபிஸ்டியஸ் பத்துயென்சிஸ்னு ஒரு செலந்தி வாழுது, சுவத்துல பட்டுக் குழாய் கட்டி அதுக்கு ஒரு சின்னக் கதவு வச்சு, வாசல்லேர்ந்து நாலா பக்கமும் நூல் இழுத்து விட்டுட்டு உள்ள காத்துகிட்டு இருக்கும், பூச்சி நூல மிதிச்சா கதவத் தொறந்து பிடிச்சுக்கும். வயித்துல கட்டம் கட்டமா தகடு இருக்கும், ரொம்ப ஆதி காலத்துச் செலந்தி வகை. 2019ல அந்தக் குகைய மூடிட்டாங்க. தைப்பூசத்துக்கு லட்சக்கணக்குல போறோம், அந்தச் செலந்தியப் பத்தி நம்ம வீட்டுல எத்தன பிள்ளைங்களுக்குத் தெரியும்? எனக்கே பெரியவனாகி கேவிங் பழகினப்பறம்தான் தெரிஞ்சுது. இது எனக்கு உண்மையிலேயே வருத்தம். உலகத்துல வேற எந்தத் தமிழ்க் கூட்டத்துக்கும் இவ்ளோ பக்கத்துல இப்படி ஒரு குகை கெடையாதுன்னு நான் நெனைக்கிறேன்.

நாங்க தோண்டுற மலை பத்துமலை இல்ல. எங்க இருக்குன்னு சொல்ல மாட்டேன், கோவிச்சுக்காதீங்க. பேரப் போட்டா அடுத்த வாரமே ஸ்ப்ரே பெய்ண்டும் பாட்டிலும் பிளாஸ்டிக்கும் வந்துடும், வேற எடங்கள்ல பாத்தாச்சு. கேஎல்லேர்ந்து வடக்க, விடியக்காலையில கெளம்பி வழியில மாமாக் சாப்பாட்டுக் கடையில ரொட்டி சானாய் சாப்ட்டுட்டு போனாலும் வெயில் ஏறுறதுக்குள்ள சேந்துடலாம், அவ்ளோ தெரிஞ்சா போதும். கூட்டம்னு சொன்னா, செலாயாங்ல லோரி ஓட்டுற ஒரு அண்ணேதான் எங்களுக்கு மூத்தவர், அவர் கையில கயிறு குடுத்தா நான் கண்ண மூடிகிட்டு எறங்குவேன். ஜியாலஜி சொல்லிக் குடுக்குற ஒரு மலாய் அக்கா, எல்லாரும் காக்காக்னுதான் கூப்புடுவோம். பேராக் மாநிலத்துல கிந்தா பக்கத்துலேர்ந்து வர்ற ஒரு சீன அங்கிள், அவங்க அப்பா காலத்துல ஈயச் சுரங்கத்துல வேல, அதனால மண்ணப் பாத்தே பேசுவாரு. அப்புறம் ஒரு நர்ஸ் தங்கச்சி, ரெண்டு மூணு காலேஜ் பசங்க, நான்.

எந்த எடத்துல தோண்டுறதுன்னு முடிவு பண்றது காத்துதான். குகைக்குள்ள சூடு பகல் ராத்திரி ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும், வெளிய மத்தியானம் 33 டிகிரி அடிக்கும்போது உள்ள இருக்கிற காத்து குளிர்ச்சியா, கனமா இருக்கும், அது கீழ் வாசல் வழியா வெளிய எறங்கும், அந்த எடத்த நிரப்ப மலைக்கு மேல இருக்கிற ஓட்டை வழியா வெளிக் காத்து உள்ள போகும். குளிர் நாட்டுல பனிக்காலத்துல இது தலைகீழா நடக்கும். இன்னொண்ணு காத்தோட அழுத்தம், நம்ம மாதிரி வெப்ப நாட்டுல அது தெனமும் ரெண்டு தடவ ஏறி எறங்கும், பத்து மணிவாக்குல ஒசந்து நாலு மணிவாக்குல கொறையும், உள்ள பெரிய எடம் இருந்தா அதுக்கேத்த மாதிரி குகை மூச்சு விடும். அதனால மத்தியானம் ஒரு அடைப்பு வழியா சில்லுனு காத்து வந்தா அந்தப் பக்கம் சும்மா ஒரு பொந்து மட்டும் இல்ல, இன்னொரு வாசலோ பெரிய கூடமோ இருக்குன்னு நம்பலாம்.

அதப் பாக்க பெரிய மெஷின்லாம் வேணாம், ஊதுபத்தி போதும். எல்லாரும் வாயப் பொத்திகிட்டு அசையாம ஒக்காரணும், ஏன்னா நம்ம ஒடம்புச் சூடே காத்தக் கெளப்பிடும். அண்ணே பத்திய கொளுத்தி அடைப்போட விளிம்புல வச்சுப் பிடிப்பாரு. மொதல்ல பொகை நேரா மேல போகும், கொஞ்ச நேரம் அப்படியே நிக்கும், அப்புறம் நுனி லேசா நம்ம பக்கம் சாயும், அப்படியே படுத்துகிட்டு மூஞ்சியில வந்து அடிக்கும். அந்த எடத்துல கூரைக்கும் மண்ணுக்கும் நடுவுல நாலு வெரல் சந்துதான். பத்திய வலது பக்கம் நகத்தினா பொகை சும்மா நிக்குது, எடது ஓரத்துக்குக் கொண்டு போனா பிச்சுகிட்டு வருது. அப்ப எடது பக்கம்தான். நெத்தி வேர்வை காஞ்சு சில்லுன்னுது. அந்தப் பக்கம் எங்கேயோ திறந்திருக்கிற எடத்துலேர்ந்து, மனுசன் மூச்சு படாத வழியா வர்ற காத்து அது. யாருமே பேசல. காக்காக்தான் மெதுவா, "காத்து இருக்கு, ஆனா மொதல்ல மண்ணப் பாக்கணும், அதுக்கு முன்னாடி யாரும் சங்குல் மம்பட்டியத் தொடக் கூடாது"ன்னாங்க.

அவங்க ஏன் அப்படிச் சொன்னாங்கன்னா, நம்ம நாட்டுல குகை மண்ணு வெறும் மண்ணு இல்ல. பேராக் லெங்கோங்ல குனுங் ருந்தூ குகையில 1991ல பினாங்கு யூஎஸ்எம் பல்கலைக்கழகத்து ஆளுங்க எடுத்த பேராக் மனிதன் எலும்புக்கூடு 10,000 வருசத்துக்கு மேல பழசு. சரவாக் நியா குகையில 1958ல கெடைச்ச மண்டை ஓடு ஏறக்குறைய 40,000 வருசம். இதெல்லாம் குகை வாசல் பக்கத்து மண்ணுக்குள்ள படுக்கை படுக்கையா இருந்தது. அதுல ஒரு அடி சங்குல் போட்டு வாரித் தள்ளிட்டா திருப்பி அடுக்க முடியாது. மெண்டிப்ல தோண்டுற மாதிரி இங்க வந்து அப்படியே தோண்டிட முடியாது, அவங்களுக்கும் அங்க கட்டுப்பாடு இருக்குன்னாலும் நம்ம குகைங்கள்ல ஆள் வாழ்ந்திருக்காங்க, பொதைச்சிருக்காங்க. அதனால நெலத்துக்குப் பொறுப்பானவங்ககிட்ட எழுத்துல அனுமதி, தெரிஞ்சவங்க வந்து மண்ணப் பாத்து சொல்லணும், அதுக்கப்புறம்தான் கை வைக்கிறது. இந்த விஷயத்துல எங்க கூட்டத்துல யாருக்கும் ரெண்டு கருத்து கெடையாது.

பாத்ததுல எடது ஓரத்து அடைப்பு சமீபத்து வெள்ளம் கொண்டாந்த மண்ணுன்னு தெரிஞ்சுது. எப்படின்னா, ஒரு மொழம் தோண்டியும் பிளாஸ்டிக் பை வருது, ஐஸ்கிரீம் கவர் வருது, சிலிப்பர் வார் வருது. அதுக்கு அடியில சாம்பல் கலர்ல நைசான மண்ணு, ஈரமா கையில எடுத்தா மாவு மாதிரி வழியும். அங்கிள் அத வெரல்ல தேச்சுப் பாத்து மூக்குகிட்ட கொண்டு போயி, "இது சுரங்கத்து மண்ணு, மேல எங்கேயோ ஈயம் கழுவுன தண்ணி இந்த வழியாத்தான் போயிருக்கு"ன்னாரு. அப்ப அந்தத் தண்ணி எங்கேயாவது வெளிய போயிருக்கணுமே. அந்த ஒரு பேச்சுல எல்லாருக்கும் தெம்பு வந்துடுச்சு.

வேலை எப்படின்னு கேட்டா, படுத்துகிட்டுதான். முன்னாடி ஒரு ஆள் மட்டும்தான் போக முடியும், கைப்பிடிய பாதியா அறுத்த சங்குலும் கொத்தனார் கரண்டியும்தான் சாமான். அவர் வெட்டி எடுக்குற மண்ண நீல பிளாஸ்டிக் பீப்பாய நீளவாக்குல ரெண்டா அறுத்து செஞ்ச தட்டுல போடுவாரு, அதுக்கு முன்னயும் பின்னயும் கயிறு. ஒரு தடவ இழுத்தா நிப்பாட்டு, ரெண்டு தடவ இழுத்தா உன் பக்கம் இழு. உள்ள கத்துனா சத்தம் மோதி மோதி ஒண்ணும் புரியாது, கயிறுதான் பேச்சு. இழுத்த மண்ண அடுத்தவர் கோணிப்பையில அள்ளி வாயக் கட்டி அடுத்தவர்கிட்ட தள்ளணும், அவர் அதுக்கு அடுத்தவர்கிட்ட, கடைசியில ஏற்கனவே பாத்து வச்ச ஒரு செத்த மூலையில, சுண்ணாம்பு விழுது எதுவும் இல்லாத எடமா பாத்து, செங்கல் அடுக்குற மாதிரி பையை அடுக்கிச் சுவரா கட்டுவோம். வெளிய கொண்டாந்து கொட்டுனா மழையில திரும்ப ஓடையில எறங்கும், அதான். பிளாஸ்டிக் குப்பைய மட்டும் தனிப் பையில கட்டி வீட்டுக்கே கொண்டாந்துடுவோம். முன்னாடி இருக்கிறவர அரை மணி நேரத்துக்கு மேல விடுறதில்ல, மூச்சு வாங்க ஆரம்பிச்சாலோ தலை வலிச்சாலோ ஒடனே எல்லாரும் வெளிய, ஏன்னா அடைஞ்ச எடத்துல கார்பன் டை ஆக்சைடு தேங்கும், அது கண்ணுக்கும் தெரியாது மூக்குக்கும் தெரியாது. வௌவால் புழுக்கை காஞ்சு தூசியா இருக்கிற பக்கம் மாஸ்க் இல்லாம யாரும் போகக் கூடாது, நுரையீரல்ல பூஞ்சை நோய் வரும். வெட்டுக் காயத்தோட தண்ணியில எறங்கக் கூடாது, எலி மூத்திரம் கலந்த தண்ணின்னா லெப்டோங்கிற எலிக்காய்ச்சல் வரும். இதெல்லாம் நர்ஸ் தங்கச்சி டிபார்ட்மென்ட், அவகிட்ட யாரும் எதிர்த்துப் பேச முடியாது.

மழைதான் பெரிய தலைவலி. காத்து நல்லாத் தெரியிறது மத்தியானம், நம்ம ஊருல இடி மழை கொட்டுறதும் மத்தியானம். அதனால மத்தியான வேள வாசல்ல இருந்தே காத்து பாக்குறதோட சரி, தோண்டுறது காலையில மட்டும்தான், பன்னெண்டு மணிக்கு மேல உள்ள ஒருத்தர் கூட இருக்கக் கூடாது. மேல வானம் வெளுத்திருந்தாலும் மலைக்கு அந்தப் பக்கம் பெஞ்சா இந்தப் பக்கம் தண்ணி வரும். வெளிய எப்பவும் ஒரு ஆள் உக்காந்திருப்பாரு, கேஎல்ல இன்னொருத்தர்கிட்ட நேரம் சொல்லி வச்சிருப்போம், அந்த நேரத்துக்குள்ள மெசேஜ் வரலன்னா அவர் பொம்பாவுக்கு, அதான் தீயணைப்புத் துறைக்கு, போன் அடிச்சுடுவாரு. எங்க அம்மாவுக்கு இந்த ஏற்பாட்டப் பூரா உக்கார வச்சு சொல்லிக் குடுத்தப்பறம்தான் கொஞ்சம் சம்மதிச்சாங்க. 2024 ஆகஸ்ட்ல கேஎல் மஸ்ஜித் இந்தியா வட்டாரத்துல நடைபாதை உள்வாங்கி ஒரு அம்மா விழுந்தாங்களே, அதுலேர்ந்து மண்ணுக்கு அடியிலன்னு பேச்செடுத்தாலே அம்மாவுக்கு ஒடம்பு நடுங்குது. அந்தப் பயத்த நான் சாதாரணமா எடுத்துக்க மாட்டேன். நாங்க விதி மேல விதி போட்டு வச்சிருக்கிறதே வீட்டுல இருக்கிறவங்களுக்காகத்தான்.

இப்ப முக்கியமான விஷயம். சாம்பல் மண்ணு முடிஞ்சு வழி கொஞ்சம் ஒசந்து, முட்டி போட்டு நகர்ற அளவுக்கு வந்துச்சு. அங்க வழி ரெண்டா பிரியுது, காத்து ரெண்டுலேர்ந்தும் வருது, ஆனா வலது பக்கத்துலேர்ந்துதான் நல்லா வேகமா வருது. வலது பக்கம் மஞ்சள் மண்ணு, கெட்டியா, வெள்ளத்து மண்ணு மாதிரி இல்ல. அண்ணே ஒரு கரண்டி கூட போடல, லைட்ட மட்டும் பக்கவாட்டுல சாச்சு வச்சுப் பாத்தாரு. மண்ணுல நீட்டமா சின்னச் சின்ன நத்தை ஓடு, ஆத்து நத்தை, ஒண்ணு ரெண்டு இல்ல, கொத்து கொத்தா. எல்லா ஓட்டோட கூர் நுனியும் ஒடைஞ்சிருக்கு, ஒரே மாதிரி ஒடைஞ்சிருக்கு. காக்காக்க கூப்ட்டோம். அவங்க படுத்து ஊர்ந்து வந்து பாத்துட்டு சொன்னாங்க, தண்ணி உருட்டிட்டு வந்தா இப்படி ஒடையாது, நுனிய ஒடைச்சுட்டு வாய் பக்கம் வச்சு உறிஞ்சினாத்தான் சதை வரும், இது ஆளுங்க சாப்ட்டுப் போட்டதுன்னு. நம்ம தீபகற்பத்துல பழைய கற்காலத்து ஆளுங்க இருந்த குகைங்கள்ல இந்த மாதிரி ஓட்டுக் குவியல் இருக்குன்னு நான் படிச்சிருக்கேன், ஆனா மூக்குக்கு மூணு வெரக்கடை தூரத்துல, அந்த ஓட்டோட உள் பக்கம் இன்னும் பளபளன்னு இருக்கிறத பாக்குறது வேற.

அன்னிக்கே வேல நின்னுச்சு. ஓட்டத் தொடல, போட்டோ எடுத்தோம், பக்கத்துல அளவுகோல் வச்சு எடுத்தோம், வந்த வழியிலேயே திரும்புனோம், வலது பக்கத்துல குறுக்கால ஒரு கயிறு கட்டி விட்டோம், ஒடனே தேசிய பாரம்பரிய துறைக்கு எழுதிப் போட்டாச்சு. காலேஜ் பசங்களுக்கு மனசு கேக்கல. ஒரு தம்பி, "அண்ணே, காத்து அந்தப் பக்கம்தாண்ணே அடிக்குது, ஓரமா ஒரு சின்ன வழி மட்டும் எடுத்துட்டா போயிடலாமேண்ணே"ன்னான். அண்ணே கோவப்படல. "டேய் தம்பி, காத்து நாளைக்கும் அடிக்கும், அடுத்த வருசமும் அடிக்கும். இது போச்சுன்னா போச்சு"ன்னு மட்டும் சொன்னாரு. லெச்சுகீயாவுல காத்து சத்தம் கேட்டப்பறம் வழி தெறக்க ஏறக்குறைய முப்பது வருசம் ஆகியிருக்கு, நமக்கு என்ன அவசரம்.

குகைய சும்மா விட்டா என்னன்னு கேக்குறவங்களும் இருக்காங்க, அவங்க கேக்குறதுல பாதிக்கு மேல சரி. உள்ள போற ஒவ்வொரு காலடியும் எதையாவது மிதிக்குது, காத்துப் போக்கு மாறினா வௌவாலுக்கு ஆகாது, அதனால தொறந்த வழிய திரும்ப அளவா மூடி வைக்கிற வழக்கமும் இருக்கு. எல்லா அடைப்பையும் எடுக்கணும்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா நம்ம நாட்டு நெலவரத்த யோசிச்சுப் பாருங்க. சுண்ணாம்புக்கல் மலைன்னா சிமெண்டு, ஜல்லின்னு பாக்குறவங்கதான் அதிகம். பகாங்ல புக்கிட் பான்ச்சிங்னு ஒரு மலை இருந்துச்சு, இருந்துச்சுன்னுதான் சொல்லணும், கல்லு ஒடைச்சே தீத்துட்டாங்க. அந்த மலையில மட்டும் பிளெக்டோஸ்டோமா சயாபிலம்னு ஒரு குட்டி நத்தை இருந்துச்சு, ஒலகத்துல வேற எங்கயும் இல்ல, மலையோட சேந்து அதுவும் போச்சு, அழிஞ்ச இனம்னு எழுதிட்டாங்க. ஒவ்வொரு மலையும் தனித் தீவு மாதிரி ஒதுங்கி நிக்கிறதால அதுல மட்டும் வாழ்ற உயிருங்க இப்படி நெறைய.

ஒரு மலைக்கு உள்ள என்ன இருக்குன்னு வரைபடம் இல்லன்னா அது காகிதத்துல வெறும் கல்லுதான், இத்தன டன், இத்தன ரிங்கிட். உள்ள இத்தன மீட்டர் வழி, இங்க ஓடை, இங்க வௌவால் கூட்டம், இங்க மனுசன் சாப்ட்டுப் போட்ட ஓடுன்னு அளந்து வரைஞ்சு ஒரு ஃபைல் போயி சேந்தா, அதுக்கப்புறம் யாராவது வெடி வைக்க கேட்டா பதில் சொல்ல வேண்டியது அவங்க. சரவாக்ல இருக்கிற முலு குகைங்களப் பாருங்க, 1977லயே எக்ஸ்பெடிஷன் வந்து அளக்க ஆரம்பிச்சாங்க, 1981ல சரவாக் சேம்பர்ங்கிற ராட்சசக் கூடத்த கண்டுபிடிச்சாங்க, திரும்பத் திரும்ப வந்து அளந்துகிட்டே இருந்தாங்க, 2000ல யுனெஸ்கோ பட்டியல்ல வந்துச்சு. அளக்காம இருந்திருந்தா அது நடந்திருக்குமா? தீபகற்பத்துல இருக்கிற நூத்துக்கணக்கான சின்ன மலைங்களுக்கு முலு மாதிரி பேரு கெடையாது, எக்ஸ்பெடிஷன் வராது. நாம ஞாயித்துக்கெழம கோணிப்பையோட போனாத்தான் உண்டு. பெரியம்மா, சம்பளம் இல்லாம ஏன் போறேன்னு கேட்டீங்களே, இதுக்குத்தான் போறேன்.

இப்போதைக்கு எடது பக்கத்து வழிய மட்டும் அளந்துகிட்டு இருக்கோம். லேசர் அளவுக் கருவி ஒரு புள்ளியிலேர்ந்து அடுத்த புள்ளிக்கு தூரம், தெசை, சாய்வு மூணும் குடுக்கும், ஒருத்தர் படிப்பாரு, ஒருத்தர் எழுதுவாரு, வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டர்ல போட்டா மலைக்குள்ள கோடு கோடா வழி வளையிறது தெரியும். நாங்க எதிர்பாத்த மாதிரி நேரா மலை நடுவுக்குப் போகல, ஓடையோட பழைய போக்கு மாதிரி ஓரமாவே வளைஞ்சு வடக்கப் பாத்துப் போகுது, அங்கிள் சொன்ன மாதிரி அந்தப் பக்கம் தண்ணி வெளிய போற வாய் ஒண்ணு இருக்கணும், வெளியில புதருக்குள்ள அதத் தேடவும் ஆரம்பிச்சாச்சு. வலது பக்கத்தப் பத்தி துறையிலேர்ந்து வந்து பாத்து சொல்ற வரைக்கும் கயிறு அப்படியேதான் இருக்கும்.

வரணும்னு ஆசை இருக்கிறவங்க இன்பாக்ஸ்ல சொல்லுங்க. மொத தடவ தோண்ட விட மாட்டோம், வேற குகையில குப்பை பொறுக்குற ட்ரிப் ஒண்ணு இருக்கு, அதுக்கு வந்து எப்படி நடக்குறது எதத் தொடக் கூடாதுன்னு பழகிக்கணும். ஹெல்மெட்டும் தலை லைட்டும் நாங்க குடுக்குறோம். நீங்க கொண்டு வர வேண்டியது முழுக்கை சட்டை, நல்லா பிடிப்பு இருக்கிற பழைய சப்பாத்து, கையுறை, ரெண்டு பாட்டில் தண்ணி, மாத்துத் துணி, சேறான துணியப் போட ஒரு பை. ஆஸ்துமா இருந்தா முன்கூட்டியே தங்கச்சிகிட்ட சொல்லிடுங்க. வீட்டுல யாருகிட்டயாவது சொல்லிட்டு வாங்க, சொல்லாம வந்தா அண்ணே வண்டியில ஏத்த மாட்டாரு.